மூன்று ஓலை வாசித்த புன்னை

2006 ஆனி மாதத்தில், இனயம் கடற்கரையில் சுனாமிக்குத் தப்பி நின்ற ஏழு புன்னை மரங்களும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டன. அதன் பிறகு பூத்தன, காய்க்கவில்லை. காயில்லாமல் கன்று ஏது? ஆண்டுக்கு ஒரு மரம் சரிந்தது, கடல் எட்டடி முன்னே வந்தது. மூன்று மரம் மிஞ்சியபோது எலிசாவின் வீட்டு வாசலுக்கும் அலைக்கும் நடுவே இருபதடிதான் இருந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணம் பேசி முடித்த எலிசா பயந்தது அப்போதுதான்.

2010இல் கல்லூரியிலிருந்து நந்தனா என்ற பெண் வந்து மரபணுச் சோதனைக்கு மரங்களின் இலைகளைக் கிள்ளிக்கொண்டு போனாள். இரண்டு மாதம் கழித்து வந்து, இவை எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், வேறு வம்சத்து மரம் மணக்குடியில் ஒன்று நிற்கிறது என்றாள். எலிசா தலையில் அடித்துக்கொண்டாள். “அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் எங்கன மோளே காயி பிடிக்கும்? வெக்கப்பட்டுல்லா திரும்பி நிக்குது!”

நேரே கோயிலுக்குப் போய், மரங்களுக்குக் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொன்னாள். உபதேசியார் ஆன்ட்ரூஸ் மாட்டேன் என்றார். அவருக்குப் பெண் பார்த்துக் கொடுத்ததே எலிசாதான் என்பதால் அந்த மாட்டேன் அரை நாள்தான் தாங்கியது. மூன்று ஞாயிறு, பூசை முடிவில், மற்றவர்களின் கல்யாண ஓலைகளோடு இனயம் புன்னைக்கும் மணக்குடிப் புன்னைக்கும் ஓலை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மீன் ஏலம் நடக்கும்போது மணக்குடி மரம் வந்து நின்றது. கடலோரச் சாலை மோசம் என்பதால் தக்கலை வழியாகச் சுற்றி வந்திருந்தது. கிளையில் ஏதோ கடையின் சாக்குப் படுதா சிக்கியிருந்தது. இனயம் மரங்கள் மூன்றும் மெல்லத் திரும்பின. ஏலம் நிற்கவில்லை.

மத்தியானமே மணக்குடி ராகேல் வந்தாள். மரம் அவள் முற்றத்து மரம். “எனக்க மரத்தக் கூட்டிட்டு வந்திட்டு மிண்டாம இருக்கியளா?” என்று கத்தியவள், அது இனயம் மரங்கள் பக்கம் சாய்ந்து நின்ற நிற்பைப் பார்த்து அழுதுவிட்டாள். எலிசா கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். போகும்போது இருவரும் சம்பந்திகள்.

அடுத்த வருஷம் காய் கொட்டியது. முளைத்த நாற்பத்தொரு கன்றில் எந்த ஒன்றின் இலையும் இன்னொன்றைப் போல இல்லை. 2012 ஆடிக் கடல் அந்தக் கன்றுகள்வரை வந்து, கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போனது. எலிசா அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்த வாரமே ராகேல் ரஸ்கும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு பிள்ளை பார்க்க வந்தாள். இரண்டு கன்றை ஈரத்துணியில் சுற்றி மார்போடு அணைத்து பஸ் ஏறினாள். கூட்டம் நெருக்கியது. கண்டக்டர் எட்டிப் பார்த்து ஒரு டிக்கெட் மட்டும் கிழித்தார். “கைப்பிள்ளையளோட நிக்காவ, ஆராவது எழும்பி எடம் குடுங்க” என்றார்.

எழுந்த பெண் துணியை விலக்கிப் பார்த்தாள். “ரெட்டையா? ரெண்டும் ரெண்டு சாயலால்லா இருக்கு!”

“பின்னே?” என்றாள் ராகேல், பெருமை தாங்காமல்.