உப்புக் கிணற்றின் இடது கோடி

பேயின் கன்னத்தில் எண்ணெய்க் கறை இருந்தது.

அருள்பிரகாசம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கறையேதான். கட்டைவிரல் ரேகையோடு, பின்பக்கத்துப் படம் தெரிகிற அளவுக்கு ஊறிப்போன அசல் மிளகாய் பஜ்ஜிக் கறை. முகர்ந்தார். ஓமம்கூட மணத்தது.

ஒன்பதாம் புத்தகத்தை அவர் இன்றைக்குத்தான் முதன்முதலாகத் திறக்கிறார். ராயபுரத்து வீட்டில் வேறு யாரும் இதைக் கம்பால்கூடத் தொடமாட்டார்கள். அப்படியென்றால் உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி.

ஜெயவேல்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர் அருள்பிரகாசம். புயல் காற்றில் கிரேன் உச்சியில் ஒண்டியாக உட்கார்ந்து கண்டெய்னர் இறக்கியபோது பயப்படாத மனிதர், ஓய்வுக்குப் பிறகு பயப்படுவதற்கென்றே புத்தகம் வாங்கத் தொடங்கினார். ஜப்பான்காரர்கள் வரைந்து இங்கிலீஷிலும் வருகிற படக்கதை. மாங்கா என்பார்கள். ‘மாங்கா பெட்டி வருது’ என்று அவர் சொன்ன அன்றைக்கு மனைவி ரோஸ்மேரி ஊறுகாய்க்கு உப்பு எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வந்த கதையின் பெயரும் உப்புக் கிணறுதான். ஒரு மீனவக் கிராமம், அதில் பயந்து ஒளிகிற ஒரு சின்னப் பெண், நடுவில் ஒரு கிணறு, கிணற்றுக்குள் ஒருத்தி. அந்தக் கிணற்றுக்காரி யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவர் போய் உள்ளே இறங்க வேண்டியதுதான். அவள் யார் என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். முதல் புத்தகம் படித்த அன்றைக்கு அருள்பிரகாசம் பாத்ரூமுக்குப் போகக்கூட மனைவியைத் துணைக்கு எழுப்பினார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட வாய்த்ததில்லை.

பன்னிரண்டு புத்தகமும் ஒரே கறுப்புப் பெட்டியில். முதுகில் எண் கிடையாது. பன்னிரண்டு முதுகும் ஒட்டி நின்றால் ஒரே படம்: கிணற்றிலிருந்து எட்டிப் பார்க்கிற பாதி முகம். அதைப் பார்த்ததும் ரோஸ்மேரி செபமாலையைக் கையில் எடுத்துவிட்டாள்.

“ஒரு பேய்னா நான் ஜெபம் பண்ணி சமாளிச்சிப்பேன். பன்னண்டு பேயும் ஒண்ணா குந்திகினா மாதா இந்த வூட்ட வுட்டு எறங்கிப் பூடுவாங்க. பொட்டி வெளிய போவணும். வேணும்னா ஒண்ணொண்ணா எடுத்தாந்து படி.”

அதனால் பெட்டி வியாசர்பாடிக்கு, ஜெயவேல் வீட்டுக்குப் போனது. ஜெயவேல் மணலியில் ஒரு உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர், கேரம் போர்டில் அருள்பிரகாசத்துக்கு நிரந்தரக் கூட்டாளி. “நம்ம வூட்ல புத்தர் கீறாரு மாமு. அவரு பேயெல்லாம் கண்டுக்க மாட்டாரு. கொண்டாந்து வை” என்றார். தொடமாட்டேன் என்று ஸ்ட்ரைக்கர் மேல் கைவைத்துச் சத்தியமும் பண்ணினார். கேரம் ஆடுகிறவனுக்கு அதற்கு மேல் ஒரு சத்தியம் உண்டா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அருள்பிரகாசம் வியாசர்பாடி போவார். படித்ததை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்து வருவார். ஒரு வாரத்துக்கு ஒரு பேய். சீக்கிரம் தீர்ந்துவிடக்கூடாது என்று பலகாரம் மாதிரி கிள்ளிக் கிள்ளிப் படித்தார். அந்தக் கடைசிப் பக்கத்துக்காகத்தான் அவர் மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டார் என்றாலும் பொய்யில்லை.

இப்போது பஜ்ஜி.

அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

ஜெயவேல் வீட்டில் அடுப்படியில் அவர் மனைவி பூவம்மா பஜ்ஜிதான் போட்டுக்கொண்டிருந்தாள். போலீஸ்காரனுக்குக்கூட இப்படி ஒரு சாட்சி அகப்படாது.

“இன்னா மாமு, இப்பதான போன? பேய் தொரத்துதா?”

அருள்பிரகாசம் பக்கத்தைத் திறந்து நீட்டினார். “இது இன்னா?”

“பேய்.”

“பேய் மேல?”

ஜெயவேல் குனிந்து பார்த்தார். “பஜ்ஜி” என்றார்.

“அத்த ஏண்ணே கேக்குற” என்றாள் பூவம்மா, கரண்டியோடு திரும்பி. “அந்தப் பொட்டியக் கட்டிகினுதான் குந்திகினு கீறாரு. மொத்தத்தையும் முட்ச்சிட்டு தேம்பித் தேம்பி அழுதாரு. டீக்கடையில அல்லாருக்கும் கத சொல்லி, டோல்கேட் வரிக்கும் தெரிஞ்சி பூட்ச்சி.”

“ஸ்ட்ரைக்கர் மேல சத்தியம் பண்ணியேடா!”

“ஒரு நாளு கேபிள் பூட்ச்சி நைனா. மனுசன் செவுத்தயா பாத்துகினு கீறது? படம்தான பாத்தேன். இங்கிலீசுல நான் கைவெக்கவே இல்ல.”

“வாயத் தொறக்காத. முடிவு ஒரு வார்த்த சொன்ன, கொல விழும். எனக்கு இன்னும் நாலு புக்கு பாக்கி கீது.”

ஜெயவேல் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பரிதாபம் இருந்ததுதான் அருள்பிரகாசத்துக்குப் புரியவில்லை.

“முடிவதான் நீ மொதல்லயே படிச்சிட்டியே. வாரா வாரம் வலது கோடியிலேர்ந்து உருவிகினு போவ. சரி, வயசாயிட்ச்சி, கதய பின்னாலேர்ந்து படிக்கிறான், சொன்னா மனசு பேஜாராவும்னு வுட்டுட்டேன். நான் ஒயுங்கா எடது கோடியிலேர்ந்து படிச்சேன். உனுக்கு பாக்கி கீறது ஆரம்பம்தான். அத்த சொன்னா இன்னா?”

அருள்பிரகாசத்துக்கு விஷயம் உறைத்து, இரண்டு கையும் காதுக்குக் கிளம்புவதற்குள் ஜெயவேல் பாதிக் கதையைக் கொட்டிவிட்டார்.

“ஆரம்பத்துல ஊர்ல ஒரு ஜனம் கெடையாது. கெணத்தச் சுத்தி வெறும் செருப்பு. அந்தச் சின்னப் பொண்ணு மட்டும் ஒண்டியா கீது. மொத பக்கத்துலயே படத்துல காட்டிட்றான், அவதான் கெணத்துக்காரி. அவதான் பேரு சொல்லி கூப்ட்டவ! அப்பால ஒவ்வொருத்தரா கெணத்துலேர்ந்து ஏறி வராங்கோ. அவங்கம்மா வரா. வாத்தியாரு வரான். கடசீல அல்லாரும் ஒண்ணா குந்தி கஞ்சி குடிக்கிறாங்கோ. அழுதுட்டேன் மாமு.”

மணலிப் புகை மொத்தமும் ஒரே மூச்சில் நெஞ்சுக்குள் இறங்கின மாதிரி இருந்தது அருள்பிரகாசத்துக்கு. அந்தச் சின்னப் பெண்ணா? எட்டுப் புத்தகமாக அவள் தப்பிக்க வேண்டுமே என்று இவர் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றாத குறை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“டேய்” என்றார். “ஜப்பான்காரன் புக்க வலதுலேர்ந்து எடதுக்குப் படிக்கணும்டா. நீ தொறந்த பக்கத்துலயே போட்டுக் கீதே, ‘நில்லு, இது தப்பான பக்கம்’னு!”

“அது வெளம்பரம்னு நெனச்சேன்.”

ஜெயவேலின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

“அப்போ, கஞ்சி குடிக்கிறாங்களே?”

“அது ஆரம்பம்.”

“வாத்தியாரு?”

“மூணாவது புக்குல எறங்கிட்டான்.”

“அவங்கம்மா?”

“போன வாரம் பூட்டா.”

பூவம்மா அடுப்பை அணைத்தாள்.

“இன்னா மனுசன்யா நீ!” என்றார் ஜெயவேல். “நல்லா கீற குடும்பத்த வூடு தேடி வந்து சாவடிச்சிட்டு நிக்கிற. முடிவக் கெடுத்துட்டியேடா! டீக்கடைக்கு இனிமே எந்த மூஞ்ச வெச்சிகினு போவேன்?”

“நான் கெடுத்தேனா? நானா?”

அருள்பிரகாசம் எழுந்தார். கையிலிருந்ததைப் பெட்டிக்குள் சொருகி, பெட்டியோடு படியிறங்கினார். எப்போதும் பஸ் ஸ்டாப் வரைக்கும் வருகிற ஜெயவேல் கதவுப் பக்கம்கூட வரவில்லை. பூவம்மாதான் ஓடி வந்து பஜ்ஜிப் பொட்டலத்தைக் கொடுத்தாள். கோபத்தோடு வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் மடிமேல் பன்னிரண்டு பேய். ரோஸ்மேரி வாசலிலேயே நிறுத்துவாள். எல்லாம் போனபின் எதற்காகக் காத்திருப்பது? கடைசிப் புத்தகத்தை உருவி, கடைசிப் பக்கத்தைத் திறந்தார். கிணற்றைச் சுற்றிச் செருப்புகள். அந்தப் பெண். அவள் நெற்றியிலும் ஒரு கட்டைவிரல் கறை.

“திருட்டுப் பய” என்று முனகினார்.

அவர் விரலிலும் இப்போது பஜ்ஜி எண்ணெய்தான். ஒரு தாளைத் தப்பான பக்கத்திலிருந்து புரட்டினார். கிணற்று விளிம்பில் ஒரு கை பிடித்திருந்தது. ஏறுகிற கையா, இறங்குகிற கையா, படத்தைப் பார்த்தால் தெரியவில்லை. ஏறுகிறது என்றுதான் ஜெயவேல் சொல்லியிருந்தான். அந்தத் துரோகியின் பேச்சை நம்ப மனசில்லாமல், அடுத்த தாளையும் அப்படியே புரட்டினார்.