சாட்சி சொன்ன கட்டில்

ஆவுடையம்மாள் இறந்து, பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் காலை, தாலுகா அலுவலகம் அந்த வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. பாளையங்கோட்டையில் இது வழக்கம்தான். வாரிசு யாரென்று தெரியாத வீட்டை அலுவலகம் சும்மா விட்டுவைக்காது.

ஹாலில் கவுண்டர் போட்டார்கள். அடுக்களை அலமாரியில் கோப்புகளை அடுக்கினார்கள். ஜெபக்கனி பல் தேய்க்கப் போவதற்கு டோக்கன் வாங்கினாள். வரிசையில் தெருக்காரர்கள் நின்றார்கள். பாதிப் பேருக்கு அவள் ஊசி போட்டிருக்கிறாள். எல்லாரும் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு அவளைக் கடைசியில் நிற்கச் சொன்னார்கள்.

ஜெபக்கனிக்கு அறுபத்தாறு வயது. நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். இருபத்து மூன்று வருஷம் இந்த வீட்டில் ஆவுடையோடு வாழ்ந்தாள். எப்படி வாழ்ந்தாள் என்றால், புருஷன் பெண்டாட்டி எப்படி வாழ்வார்களோ அப்படி. காலையில் சண்டை போட்டு மத்தியானம் பேசாமல் இருந்து ராத்திரி சமாதானமாகிற வாழ்க்கை.

ஊருக்கு வேறு கதை. வீடு ஆவுடை பேரில் இருந்தது. எனவே ஜெபக்கனி வாடகைக்கு இருப்பவள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதுவார்கள். கையெழுத்துப் போட்டதும் கேசரி கிண்டுவார்கள். அவர்களுக்கு அதுதான் கல்யாண நாள்.

ஆவுடை உயிலும் எழுதி வைத்திருந்தாள். வீடு ஜெபக்கனிக்கே என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். வாடகைக்காரிக்கு ஏன் வீட்டை எழுதுகிறாய் என்று சாட்சி கேட்பாரே, அவரிடம் என்ன சொல்வது? யாரைக் கூப்பிடலாம் என்று இருவரும் ஒன்பது வருஷம் யோசித்தார்கள். நல்லவர்கள் நிறையப் பேர் நினைவுக்கு வந்தார்கள். விஷயத்தை நம்பிச் சொல்லக்கூடியவர் ஒருத்தரும் வரவில்லை. அதற்குள் ஆவுடை போய்விட்டாள்.

ஜெபக்கனியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஹாலின் கடைசியிலிருந்து கவுண்டர் பதினாலு அடி. அன்று நடந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

கவுண்டரில் திரவியம் என்ற குமாஸ்தா இருந்தார். பக்கத்து நாற்காலியில் ஆவுடையின் தம்பி சிதம்பரநாதன், தென்காசியிலிருந்து வந்தவர், உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் மின்விசிறி தானாகச் சுழன்றது. இரத்த சொந்தம் என்றால் விசிறிக்குத் தெரியும். ஜெபக்கனிக்குப் பதினேழு நாளாக அது சுழலவில்லை.

குமாஸ்தா உயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாட்சி எங்கம்மா?"

"இல்லய்யா."

"ஆள் சாட்சி இல்லன்னா சாமான் சாட்சி செல்லும். ரெண்டு சாமானக் கூப்பிடுங்க."

ஜெபக்கனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனுஷருக்குத்தான் ஒன்றும் தெரியாது. இந்த வீட்டுச் சாமானுக்குத் தெரியாதது எதுவுமில்லை. கிரைண்டரைக் கூப்பிட்டாள். அது உருண்டு வந்து நின்றது.

"எத்தன பேருக்கு மாவு ஆட்டுன?" என்றார் குமாஸ்தா.

"ரெண்டு பேருக்கு."

"யாரு யாரு?"

"வீட்டுக்காரம்மா ஒரு ஆளு. வாடகைக்கு இருக்கவுக ஒரு ஆளு."

"ஏய், உள்ளதச் சொல்லு" என்றாள் ஜெபக்கனி. கிரைண்டர் அவளைப் புரியாமல் பார்த்தது.

அடுத்துப் படுக்கையறையின் பெரிய கட்டிலைக் கூப்பிட்டாள். அது கிளம்பத்தான் செய்தது. ஆனால் கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, கூப்பிடாமலேயே முன்னறையிலிருந்து ஒற்றைக் கட்டில் வந்து நின்றது.

அது பார்வைக்குப் போட்ட கட்டில். வருகிறவர்கள் நம்ப வேண்டுமே. தினமும் காலையில் ஜெபக்கனி அதன் விரிப்பைக் கையால் கசக்கி, தலையணையில் ஒரு குழி அமுக்கி, பக்கத்தில் பைபிளை வைப்பாள். அதில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை.

"சொல்லு" என்றார் குமாஸ்தா.

"இந்தம்மா இருவத்தி மூணு வருசமா எம்மேலதான் படுத்துருக்காவ" என்றது கட்டில். "தனியாத்தான். வேற பேச்சுக்கே எடமில்ல."

அதன் குரலில் அவ்வளவு பெருமை. அதைத் திட்டவும் மனசு வரவில்லை. சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னது. நல்ல கட்டில்.

குமாஸ்தா பேனாவை மூடினார். பிறகு மறுபடி திறந்தார். ஈவிரக்கம் உள்ள மனுஷன். "கடைசியா ஒரு வழி இருக்கும்மா. ஆவுடையம்மா ஒங்களுக்கு யாருன்னு நீங்களே ஒரு தடவ எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க. சொல்லிட்டா வீடு ஒங்களுக்கு. அம்புட்டுதான் சட்டம்."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிதம்பரநாதனும் திரும்பினார். அவர் முகத்தில் கோபமில்லை. கேட்டுக்கொள்ளத் தயாராக இருப்பவர் மாதிரிதான் இருந்தார்.

ஜெபக்கனி ஆஸ்பத்திரிக் கதவை நினைத்தாள். இரத்த சொந்தம் மட்டும் உள்ளே வரலாம் என்று அதில் எழுதியிருந்தது. ஆவுடை கடைசியாகக் கண் திறந்தபோது அவள் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். அந்தக் கோபம் நெஞ்சில் அப்படியே கிடந்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம். ஆவுடைக்காக ஒரு தடவை. நிமிர்ந்து நின்றாள். வாயைத் திறந்தாள்.

"நான் வாடகைக்கு இருக்கேன்யா" என்றது அவள் வாய். "ஆவுடையக்கா வீட்டுக்காரவுக."

குரல் நடுங்கவில்லை. கேஸ் சிலிண்டர்காரரிடமும் ஓட்டுக் கணக்கெடுக்க வந்தவரிடமும் சொன்ன அதே தெளிவான, நல்ல குரல். அவளுக்கே அது நன்றாகக் கேட்டது.

"நல்ல மனுஷி. ஒரு நாளு ஒரு தொந்தரவு கெடையாது" என்றார் சிதம்பரநாதன். அவர் கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது.

குமாஸ்தா நிதானமாக எழுதினார். தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "சரியா இருக்கான்னு படிச்சுப் பாருங்க."

ஜெபக்கனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பெயர், வயது, வாடகைக்கு இருப்பவர். ஒரு பிழை இல்லை.

"சரியா இருக்குய்யா" என்று கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா இரண்டு சாட்சி கேட்க வாயெடுப்பதற்குள், வரிசையில் நின்ற அத்தனை பேரும் பேனாவோடு முன்னால் வந்தார்கள்.