சரிந்து உட்கார்ந்த அப்பா

பெரிய அட்டைப்பெட்டியைப் பாதி வாசலுக்குள் தள்ளிய பிறகுதான், கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தவர் கடை ஆட்கள் இருவர் கண்ணிலும் பட்டார். முன்னால் இருந்தவர் தொப்பியைக் கழற்றினார். பின்னால் இருந்தவர் விவரம் தெரியாமல் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மசாஜ் நாற்காலிங்க. சார் இன்னிக்குக் கொண்டு வரச் சொன்னாரு."

"காலைல தூக்கத்துலயே போயிட்டார்," என்றான் அண்ணன். "திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"சரிங்க. பிரிச்சுட்டாத்தான் கடையில வாங்க மாட்டாங்க."

"பக்கத்து அறையில வைங்க," என்றாள் தங்கை. "பிரிங்க."

"உனக்கென்ன பைத்தியமா? இப்பவா?"

"ஒரே ஒரு தடவை பாத்துடறேண்ணா."

அந்த நாற்காலியைப் பற்றி அவளுக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அப்பா பஸ் டிரைவராக இருந்தவர், நெட்டை ஆள். எந்த வண்டியில் ஏறினாலும் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டிப் பார்த்த பிறகுதான் சாவியைத் தொடுவார். அப்பேர்ப்பட்டவர், இதை வாங்கப் போன கடையில் ஒவ்வொரு நாற்காலியிலும் இடுப்பு வழுக்கி விழுகிற மாதிரி சரிந்து உட்கார்ந்தார். முழங்கால்கள் முகத்துக்கு நேரே நின்றன.

"நிமிர்ந்து உக்காருங்க சார். அப்பத்தான் உருளை தோள்ல படும்," என்றாள் விற்பனைப் பெண்.

"எனக்கு இப்படித்தாம்மா படணும்."

முதுகுதான் போய்விட்டது என்று பயந்து மறுநாளே மகள் அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். முதுகு இரும்பு மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, கடையில் இருந்ததிலேயே சின்ன நாற்காலிக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

"மூணு சக்கர சைக்கிள்ல யானை உக்காந்த மாதிரி இருக்கும்பா."

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இப்போது அவள் உட்கார்ந்து பார்த்தாள். உயரத்தில் அப்பாவைக் கொண்டவள். உருளைகள் முதுகின் நடுவில் முட்டின. அவரைப் போலவே சரிந்தாள். முழங்கால் மடங்கியது. உருளைகள் தோளுக்கு வந்தன.

அப்படியே கிடந்தபடி கதவு வழியாகப் பார்த்தாள். அப்பாவின் தலைமாட்டில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து நின்றபடிதான். முன்னறையில் ஊரார் துணிகளுக்கு இஸ்திரி போட்டே காலம் போன உடம்பு. உட்காரச் சொன்னால், "நிக்கறதுதான் எனக்கு சௌகரியம்" என்பாள். இந்த வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவள் கால் தரைக்கு எட்டாது. "ஊஞ்சல் ஆடறியா?" என்று அப்பா வம்புக்கு இழுப்பார்.

மகள் எழுந்தாள்.

"அம்மா, இங்க கொஞ்சம் வா."

"என்னடி?"

"உக்காரு."

"அவருக்கு வாங்கினதுல நான் எதுக்கு?"

"எனக்காக."

அம்மா நுனியில் உட்கார்ந்து, பிறகு பின்னால் சாய்ந்தாள். தலை சரியாகத் தலையணையில் பொருந்தியது. இரண்டு பாதங்களும் கால்பலகையில் முழுசாகப் பதிந்தன. அவள் தன் பாதங்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுவிட்ச் போடட்டுங்களா?" என்றார் தொப்பிக்காரர் தணிந்த குரலில்.

"வேணாம்பா."

அண்ணன் அவரைக் கண்ணால் அழைத்தான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அம்மாவோடு சேர்த்து நாற்காலியை மெல்லக் கூடத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள்.

அம்மா எழுந்துகொள்ளவில்லை.