இன்னொரு தடவை சுண்ணாம்பு

அந்தப் பல் மருத்துவர் நோயாளிகளிடம் வளவளவென்று பேசமாட்டார். வாயைத் திறக்கச் சொல்வார், வேலையை முடிப்பார், அனுப்பிவிடுவார். பக்கத்து நாற்காலியில் நோயாளி பார்க்கும் அவர் மனைவிதான் ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் கேட்டுக்கொண்டு பல்லைப் பிடுங்குகிறவள். அப்பேர்ப்பட்ட மனிதர் அக்காள் மகள் வருகிற நாளில் மட்டும் காலையிலிருந்தே வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எதிர்பார்த்தது மகளை அல்ல, கூட வரும் அக்காளைத்தான்.

அக்காள் தன் விருப்பப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டபோது இவர் அப்பா பக்கம் நின்றார். கல்யாணத்துக்கும் போகவில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அந்த மனக்கசப்பு போகவில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு, எதிரே கண்டால் தெருவின் மறுபக்கம் மாறி நடக்கிற உறவாக அது ஆகிப்போனது. அப்போதுதான் அக்காளின் பெண் நீச்சல் குளத்தின் விளிம்பில் மோதி முன்பல்லை உடைத்துக்கொண்டாள். அன்று விடுமுறை, திறந்திருந்தது தம்பியின் மருத்துவமனை ஒன்றுதான். பிள்ளை வாயில் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் வீம்பு பிடிப்பாள்? அக்காள் படியேறிவிட்டாள்.

உடைந்த பல்லுக்குள் இருந்த உயிர்ச்சதை சீக்கிரமே செத்துப்போயிற்று. சின்னப் பிள்ளையின் பல் என்பதால் வேர் முழுக்க வளர்ந்திருக்கவில்லை. நுனி புனலின் வாய் மாதிரி திறந்து கிடந்தது. திறந்த நுனியில் நிரந்தர அடைப்பு நிற்காது. அதற்குத்தான் கால்சியம் ஹைட்ராக்சைடு. பெயர்தான் தடபுடல், ஆள் நம்ம சுண்ணாம்புதான். தூளைக் கண்ணாடித் தகட்டில் கொட்டி, நீர் விட்டுக் குழைத்து, வேரின் நுனிவரை இறக்கி, மேலே தற்காலிகமாக மூட வேண்டும். அதன் காரத்தில் கிருமிகள் பிழைக்காது. நுனியில் கெட்டியான ஒரு மூடி மெல்ல மெல்லத் தானே உண்டாகும். சில மாதங்களுக்கு ஒருமுறை பழையதைக் கழுவி எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பார்கள். மூடி உண்டானதும் சுண்ணாம்பை எடுத்துவிட்டு நிரந்தரமாக அடைத்துவிட வேண்டும்.

முதலில் அக்காள் அவரிடம் நேராகப் பேசவில்லை. "வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட சொல்லு" என்று மகள் மூலமாகத்தான் செய்தி போகும். அடுத்த தடவை, சுவர்க் கடிகாரம் நின்று கிடப்பதைக் காட்டி, "இதைக்கூடப் பார்க்கறதில்லையா?" என்று பொதுவாகக் கேட்டு வைத்தாள். அதற்கும் அடுத்த தடவை, "என்னடா இப்படி இளைச்சுட்ட?" என்றாள். அன்றைக்கு மருத்துவர் சாப்பாட்டை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

வேர் மூடிவிட்டது. எக்ஸ்ரே படத்தில் பளிச்சென்று தெரிந்தது. மனைவி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அழகா மூடியிருக்கு. அடைச்சிடுங்க."

"இன்னும் கொஞ்சம் கெட்டிப்படட்டுமே. இன்னொரு தடவை சுண்ணாம்பு வச்சுப் பார்க்கலாம்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. வேற யார் வீட்டுப் பொண்ணா இருந்தாலும் எப்பவோ அடைச்சு அனுப்பியிருப்பீங்க."

அவர் காதில் வாங்காதவர் மாதிரி குழைத்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. அளவுக்கு மிஞ்சிப் பல்லுக்குள்ளேயே குடியிருந்தால் வேரின் சுவரை நொய்ந்துபோகச் செய்துவிடும். இது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. ஒரு காலத்தில் கல்லூரியில் அவரே இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறார். ஆனால் அடைத்துவிட்டால் அக்காள் எதற்கு வரப்போகிறாள்? அந்தப் படியை மிதிக்க அவளுக்கு வேறு காரணம் கிடையாது. இன்னொரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை என்று காலம் ஓடியது.

ஒருநாள் பெண் பரீட்சையில் விடை தோன்றாமல் பேனா மூடியைக் கடித்தாள். வேறொன்றும் செய்யவில்லை. பல் ஈறை ஒட்டி முறிந்து கையில் வந்துவிட்டது.

அதைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு தாயும் மகளும் வந்தார்கள். மருத்துவர் பார்த்தார். முறிவு ஈறுக்கும் கீழே வேருக்குள் இறங்கியிருந்தது. மிச்சம் இருந்ததை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

"ஒட்டிடலாமா மாமா?" என்றாள் பெண்.

"முடியாதும்மா."

அக்காள் மகளைத்தான் கடிந்துகொண்டாள். "கண்டதையும் கடிக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? மாமா இவ்வளவு பாடுபட்டது எல்லாம் வீணாப் போச்சு." பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது.

அப்படியே விட்டிருக்கலாம். பழி பேனா மூடியோடு போயிருக்கும். மனைவி தன் நோயாளியை விட்டுவிட்டு இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவளைத் திட்டாதேக்கா" என்றார். "தப்பு என்னோடது. வேர் மூடி ரொம்ப நாளாச்சு. மருந்தை உள்ளேயே விட்டுவச்சேன். அதுல பல்லு நொய்ஞ்சு போச்சு."

"ஏன் விட்டுவச்ச?"

"அடைச்சா வேலை முடிஞ்சிடும். அப்புறம் நீ வரமாட்டியேன்னு..."

அக்காள் மகளை அந்த நாற்காலியிலிருந்து இறக்கினாள். "இனிமே நீ பாரும்மா இவளை" என்றாள், தம்பி மனைவியிடம். அவளும் மறுபேச்சு இல்லாமல் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டாள். வேரை எடுத்துவிட்டு, கழற்றி மாட்டுகிற பல் ஒன்று வைக்கலாம், தாடை வளர வளர மாற்றிக்கொண்டே வரவேண்டியிருக்கும் என்று அவள் சொல்லச் சொல்ல அக்காள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கிளம்பும்போது தம்பியின் முன்னால் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா."

"எதுக்குக்கா?"

"இவ அப்பா வீட்ல இருப்பார். பல்லு எப்படிப் போச்சுன்னு கேட்பார். என்னால சொல்ல முடியாது. நீயே வந்து சொல்லு."

அக்காளின் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து அவருக்கு வந்த முதல் அழைப்பு அதுதான்.