சர்க்கரையை விட்ட டீ மாஸ்டர்

நவம்பர் 4, செவ்வாய்.

ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது. இன்றைய மாலை வகுப்பில் இந்தக் கதையின் முதல் இரண்டு பக்கங்களை வாசித்தபோது டீ மாஸ்டரின் நிஜப் பெயரையே வாசித்துவிட்டேன். மாற்றிவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். நோட்டில் மாற்றியும் இருந்தேன். வாய்தான் பழைய பெயரைச் சொல்லிவிட்டது. வகுப்பில் ஒன்பது பேர். எட்டுப் பேர் அவர் கையால் டீ குடித்துவிட்டுத்தான் மாடியேறுகிறவர்கள். (ஒன்பதாவது ஆள் காபி.)

உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்கிறேன். இந்தக் கதையில் அவர் பெயர் வீரராகவன்.

1

இந்தக் கதை ஒரு புகாரில் பிறந்தது. அக்டோபர் முதல் வாரம், ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்கு எதிரில் இருக்கும் கடையில் டீ வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "மாஸ்டர், சக்கரை போட மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாடா, ஒருத்தி கேட்டுவிட்டாள் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

நான் அம்பத்தூரில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். பெயர் அகல்யா. நாள் முழுக்க அளந்து பார்ப்பதும் பட்டியலில் டிக் அடிப்பதும் வேலை. செவ்வாயும் வெள்ளியும் மாலையில், அந்த டீக்கடையின் மாடியில், கதை எழுதும் வகுப்பு. எங்கள் ஆசிரியர் ஜஸ்டின் சார், "காதுல விழுந்த ஒரு புகாரை எழுதிட்டு வாங்க" என்றார். எனக்கு என் புகார்தான் கையில் இருந்தது. மாஸ்டரிடம் போய்க் காரணம் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல, புகார் கொடுத்ததற்கே வெட்கமாகிவிட்டது.

2

தொடக்கங்கள்.

(அ) "வீரராகவனின் வாழ்க்கையில் இனிப்பு என்பது" — நிறுத்திவிட்டேன். இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும்.

(ஆ) "மங்கலான வெளிச்சத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில், அவர் தலைகுனிந்து" — மங்கலும் இல்லை, குனியவும் இல்லை. பகல் பதினொரு மணி, டோக்கன் நாற்பத்திரண்டு. அவர் பக்கத்து ஆளிடம் ஆஸ்பத்திரி கேன்டீன் டீயைத் திட்டிக்கொண்டிருந்தாராம்.

(இ) கீழே இருப்பது.

3

வீரராகவனுக்கு நாற்பத்தெட்டு வயது. பாய்லர் முன்னால் நிற்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம். விடிவதற்கு முன் கடை திறந்ததும் முதல் கிளாஸ் டீயைத் தண்ணீர் தெளித்த வாசலில் ஊற்றுவார். அது சாமிக்கு. இரண்டாவது கிளாஸ் அவருக்கு. அதைக் குடித்துப் பார்த்துத்தான் இன்றைக்குத் தூள் எப்படி, பால் எப்படி, சர்க்கரை எவ்வளவு என்று முடிவு செய்வார். அதற்கப்புறம் அன்று முழுக்கக் கை தானாகப் போடும். நாக்கு காலையில் ஒருமுறை சொன்னதைக் கை ராத்திரிவரை கேட்கும்.

ஒரு நாளைக்கு அவர் எட்டு டீ குடிப்பார் என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். காட்டியபோது சிரித்தார்.

"எட்டா? பத்து மணிக்குள்ளயே எட்டு ஆய்டும் பாப்பா. பத்தொம்போதுன்னு போடு."

ஆகஸ்டில் ஒரு காலை கொதிக்கிற பால் தளும்பி அவர் இடது காலில் கொட்டியது. அவர் பாட்டுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். முதல் பஸ் கண்டக்டர் அருள்தான் கத்தினான்: "மாஸ்டர்! கால்ல பால் ஊத்திகினு கீது, நீ இன்னாடான்னா சிரிச்சிகினு கீற!"

குனிந்து பார்த்தார். தோல் சிவந்து கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. வலி மட்டும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். மூன்று மாசச் சர்க்கரை, அதாவது மூன்று மாதத்துச் சராசரி, ஒன்பது புள்ளி நாலு. "சூடு தெரியலைன்னா கால் மரத்துப்போயிட்டு வருதுன்னு அர்த்தம். மாத்திரையை விடாம போடுங்க. சர்க்கரையை அடியோட நிறுத்துங்க, தினமும் நடங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம். ஏழரைக்கு மேல இருந்தா இன்சுலின்."

"ஏழரையா? அந்த நம்பரே வேணாம்மா. ஏழுன்னு வெச்சிக்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டு ஏழு என்றே எழுதினார்.

ஊசிக்குப் பயமா என்று நான் கேட்டேன். இல்லையாம். "ஊசி போட்டா நேரத்துக்குத் துண்ணணும். பஸ்ஸு வந்து நிக்கும்போது முப்பது பேரு கை நீட்டுவான். கொஞ்சம் இருப்பா, துண்ணுட்டு வரேன்னு சொல்ற மாஸ்டரை எந்த மொதலாளி வெச்சிப்பான்?"

ஆக, அவருக்குப் பயம் அந்த ஏழின்மேல்தான். கதையும் அதன்மேல்தான் நிற்கிறது.

4

ஆகஸ்ட் பதினேழு முதல் வெள்ளைச் சர்க்கரை கிடையாது.

(அவர் மனைவி ராணியக்காவின் திருத்தம்: "வெள்ளை கெடையாது, கறுப்பு உண்டு. பத்து நாளு கருப்பட்டி டீ குடிச்சாரு. டாக்டரம்மா கேட்டாங்களாம், கருப்பட்டி மட்டும் இன்னா ஒங்க சொந்தக்காரனா, சுகரை ஏத்தாம உடறதுக்கு? அப்புறம்தான் நிறுத்துனாரு.")

முதல் வாரம் தலைவலி. இரண்டாம் வாரம் எல்லார்மேலும் எரிச்சல். பன் பட்டர் ஜாம் கேட்டவனிடம், "ஏன், ஊட்ல சோறு போடலியா?" என்று கேட்டுவிட்டார். மூன்றாம் வாரம் அடங்கியது. காலை கேழ்வரகுக் கூழ், மதியம் ஒரு கிண்ணம் சோறு, இரண்டு கிண்ணம் கீரையோ காயோ, மாலை பஜ்ஜி இருந்த இடத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல். பஜ்ஜி போடுகிற அதே வாணலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சுண்டல் தின்றார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு வீரச்செயலைப் பற்றி எழுதுகிறேன்.

நடை. மதியம் இரண்டிலிருந்து மூன்றரைவரை கடையில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் காட்டுப்பாக்கம்வரை நடந்து திரும்புவார். முதல் நாளே சிக்கல்: கைலியும் தோளில் துண்டுமாக மாஸ்டரைப் பார்த்தவர்கள் எல்லாரும், "டீயா மாஸ்டர்? இங்க ரெண்டு" என்றார்கள். நான்கு நாள் இல்லையென்று சொல்லிப் பார்த்தார். ஐந்தாம் நாள் கையில் டீ கேனோடு நடந்தார். வழியெல்லாம் நிற்க வேண்டியதாயிற்று. ஒன்றரை மணி நேரத்தில் அரை தூரம்கூடப் போகவில்லை. ஆறாம் நாள் மகனுடைய பழைய டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. நிம்மதியாக நடந்தார்.

5

இனி என் புகாருக்கு வருகிறேன்.

சர்க்கரையை விட்டவர் நாக்கு ஒரு மாதத்தில் மாறிவிடுகிறது. வாழைப்பழமே மிட்டாய் மாதிரி இருக்கும். வேறு யாருக்கும் இதனால் நஷ்டமில்லை. வீரராகவனின் நாக்கோ அவருக்கு மட்டும் சொந்தமான நாக்கு அல்ல. இரண்டாவது கிளாஸை இப்போதும் காலையில் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துத் துப்புவார். அந்த ஒரு சொட்டு, 'ஐயோ, திகட்டுது' என்றது. கை கேட்டுக்கொண்டது. இரண்டு ஸ்பூன் ஒன்றே முக்கால் ஆனது. ஒன்றே முக்கால் ஒன்றரை ஆனது. அவருக்கே தெரியாது. எப்போதும் போல்தான் போடுகிறேன் என்று சத்தியம் செய்தார், பொய்யும் சொல்லவில்லை.

முதலாளி சுப்பராயன் கல்லாவிலிருந்து இறங்கி வந்து ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தார்.

"யோவ் மாஸ்டர், ஒனக்கு சுகருன்னா ஊரே பத்தியம் கெடக்கணுமா?"

"அண்ணாத்தே, எப்பவும் போடற அளவுதான்."

"எப்பவும் போடற அளவாம்! நேத்து ஒருத்தன் டீய வாங்கிகினு எதுத்த கடையில போயி சக்கர கேட்டிருக்கான்யா! மானம் போவுது. தீபாவளி முடியட்டும். அதுக்கப்புறம் பழைய டீ வர்ல, நான் வேற ஆள் பாத்துப்பேன்."

பழைய டீ வர வேண்டுமென்றால் பழைய நாக்கு வேண்டும். பழைய நாக்கு வேண்டுமென்றால் தினமும் இனிப்பு டீ குடிக்க வேண்டும். குடித்தால் ஏழு போய்விடும்.

இந்த இடத்தில் எழுதுகிறவள் உள்ளே நுழைந்து ஒரு யோசனை சொன்னாள். அதுதான் கதையிலேயே அசட்டுத்தனமான பகுதி. "ஸ்பூனை மட்டமா தட்டிப் போடுங்க மாஸ்டர். நான் கம்பெனியிலேர்ந்து அளவுகருவி கொண்டு வந்து ஆழம் பார்த்துத் தரேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். "டீக்கடையா, மருந்துக்கடையா பாப்பா இது?"

6

தீபாவளிக்கு முதலாளி எல்லாருக்கும் கொடுத்த ஸ்வீட் பாக்ஸை மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டுபோனார். ராணியக்கா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஒருமுறை மட்டும் திறந்து முகர்ந்து பார்த்ததாக மாஸ்டர் ஒப்புக்கொண்டார். "மோந்தா சுகர் ஏறுமா?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது. (உங்களுக்கு?)

தீபாவளி கழிந்து மூன்றாம் நாள், முதல் டீயைச் சாமிக்கு ஊற்றியபின், இரண்டாவது கிளாஸில் முழுசாக இரண்டு ஸ்பூன் போட்டு அருளிடம் நீட்டினார்.

"நைனா, இனிமே நீதான் என் நாக்கு. குடிச்சிட்டு நெசத்தைச் சொல்லு."

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கிளாஸ் வேறொருவர் கைக்குப் போனது. சுப்பராயன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அருள் குடித்தான். முகம் சுளித்தான்.

"இன்னா மாஸ்டர், டீ கேட்டா பாயசம் குடுக்குற!"

"டேய், இதாண்டா பழைய டீ!"

"இதையா இத்தினி நாளு குடிச்சிகினு இருந்தோம்?"

அடுத்து இரண்டு டிரைவர்கள் குடித்தார்கள். அவர்களுக்கும் பாயசம். ஒன்றரை மாதமாகத் திட்டிக்கொண்டே குடித்ததில் டிப்போவில் பாதிப் பேரின் நாக்கு மாறிப்போயிருந்தது, மாஸ்டருடையது மாறியதைப் போலவே. ஆனால் எல்லாரும் இல்லை. அடுக்குமாடியிலிருந்து இறங்கி வரும் கம்ப்யூட்டர்காரர்கள் இருவர் குடித்துவிட்டு, "மாஸ்டர், இதான் டீ! ரெண்டு மாசமா எங்க போயிருந்தீங்க?" என்றார்கள்.

சுப்பராயன் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் திரும்பப் போய்க் கல்லாவில் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அந்தக் கடையில் டீக்கு இரண்டு பெயர். "ஒரு பழசு, ரெண்டு புதுசு" என்பார்கள். பழசு இரண்டு ஸ்பூன், புதுசு ஒன்றரை. பழசை அருள் பார்த்துச் சொல்வான்; பாயசம் என்று அவன் முகம் சுளித்தால் அளவு சரி. புதுசுக்கு மாஸ்டரின் நாக்கே போதும். நான் இப்போது புதுசு. ஆனால் வெள்ளிக்கிழமைகளில், வகுப்பில் வாசிக்கும் முறை எனக்கு வந்தால், பழசு.

7

நவம்பர் 11, செவ்வாய்.

இங்கே ஒரு பத்தி இருந்தது. அதில், போன வாரம் ஒரு துளி சூடான பால் மாஸ்டரின் காலில் தெறிக்கிறது, அவர் "ஸ்ஸ்" என்று துள்ளுகிறார், அருள் கைதட்டுகிறான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

அவரிடம் வாசித்துக் காட்டினேன். "அப்டி ஒண்ணும் ஆவல பாப்பா. கட்டவெரல் இன்னும் மரத்துதான் கீது. பேண்ட்டு மட்டும் லூசாய்ச்சு."

அடித்துவிட்டேன். பேண்ட் லூசானதை வைத்துக்கொண்டேன்.

8

நவம்பர் 14, வெள்ளி. மாலை ஐந்தே கால்.

இன்று மாஸ்டர் வெள்ளைச் சர்க்கரையை விட்ட தொண்ணூறாவது நாள். ஏழு மணிக்குக் கதையை ஜஸ்டின் சாரிடம் கொடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை நாளைக்குத்தான். பெஞ்சில் உட்கார்ந்து மூன்று முடிவுகளை எழுதி, கூட்டம் குறைந்தபோது மாஸ்டரிடம் வாசித்தேன்.

முடிவு ஒன்று: ஆறு புள்ளி மூன்று. கடையில் எல்லாருக்கும் புதுசு இலவசம்.

"சினிமா மாரி கீது. மொதலாளி ஒத்துக்க மாட்டாரு."

முடிவு இரண்டு: எட்டு புள்ளி ஒன்று. ஊசி.

அவர் கிளாஸ்களைக் கழுவி அடுக்கி முடித்தார். அப்புறம், "எழுதாதன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா அதுக்கு அடுத்த நாளும் நடக்கப் போனேன்னு சேத்து எழுது."

முடிவு மூன்று: சரியாக ஏழு.

"ஏழுன்னா பாஸா, பெயிலா?"

எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா ஏழு என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்; ஏழுக்கு மேலேயா, ஏழிலிருந்தா என்று அவரும் கேட்டுவைக்கவில்லை.  இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னாண்ட கேக்காத பாப்பா. படிக்கிறவங்களாண்ட உட்டுடு. நான் நாளிக்கு ரத்தம் குடுக்கணும், அத்தோட என் வேலை முடிஞ்சிது."

அதனால் மூன்று முடிவுகளையும் கிழித்துவிட்டு ஒரு கோடு மட்டும் போடுகிறேன். எண்ணை நீங்கள் எழுதுங்கள். அவர் போட்ட ஒரே நிபந்தனை உங்களுக்கும் உண்டு: என்ன எண் எழுதினாலும், மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அவர் டிராக் பேண்டோடு காட்டுப்பாக்கம் பக்கம் நடக்க வேண்டும்.

மூன்று மாசச் சர்க்கரை: ________

நாளை செய்ய வேண்டியது: அருளுக்கு விடுமுறை. மாஸ்டர் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கப் போகிறார். பாய்லர் முன்னால் முதலாளி நிற்பார். காலை ஆறு மணிக்கு நான் கடையில் இருக்க வேண்டும். முதலாளி போடும் முதல் பழசைக் குடித்துப் பார்த்து, எப்படி இருந்தாலும் நிஜத்தைச் சொல்ல வேண்டும்.