பாதியில் கிடைத்த கதை

...அந்த ஒரு சொல்லை டாக்டர் சொல்லாமல் இருந்திருக்கலாம், மருந்தை மாற்றிப் பார்ப்போம் என்றோ தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்கள் என்றோ எதையாவது சொல்லியிருக்கலாம், போன தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் நிறுத்தி, தன் செருப்பையே பார்த்துக்கொண்டு, அவர் ஆசைப்பட்டதைக் குடுங்கம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார், அதற்கு என்ன அர்த்தம் என்று ஜெபமாலையம்மாளுக்குத் தெரியாதா என்ன, ஆவூரில் அவள் தாய்மாமன் படுத்துக் கிடந்தபோதும் இதையேதான் சொன்னார்கள், அன்றைக்கே ஆட்டுக்கறி எடுத்து வந்தார்கள், மாமனுக்கு அது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை... இலுப்பூரில் ஏறும்போதே பஸ்ஸில் நெரிசல், எப்படியோ ஒரு ஓரம் கிடைத்தது, மடியில் கஞ்சித் தூக்கு, காலுக்கிடையில் துணிப்பை, பைக்குள்ளே தவசுகாலத்து நோன்பிலிருந்து அவள் பிரிக்காமலே அடுக்கிவைத்த வாரப் பத்திரிகைகள். புருசன் மைக்கேல்சாமிக்கு ஆசை என்று வேறு என்ன இருக்கிறது, கறி வேண்டாம், சுருட்டை நெஞ்சு தாங்காது, அந்தப் பத்திரிகைக் கதை ஒன்றுதான், ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறார், கொண்டாந்தியா புள்ள என்று. இன்றைக்குக் கொண்டுபோகிறாள். உட்கார்ந்து படித்துக் காட்டினால் மாதாவுக்குக் கொடுத்த வாக்கு போயிற்று, அந்த வாக்கில்தான் அவர் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று இத்தனை நாளும் நம்பினாளே, படித்துக் காட்டாவிட்டால் அவர் கேட்டுக் கேட்டே போய்விடுவார், எதைச் செய்தாலும் அவள் செய்ததாகத்தானே ஆகும். அம்மா, பையை அங்கிட்டு நகத்துங்க, கல்லா வச்சிருக்கீங்க என்றான் கண்டக்டர், புஸ்தகந்தாங்க என்றாள், பரீச்சை எழுதவா போறீங்க என்று கேட்டான், நாலு பேர் சிரித்தார்கள், அவளும் சிரித்துவைத்தாள், சிரிக்காமல் இருந்தால் என்ன ஏது என்று விசாரிப்பார்கள்.

கல்... கல்லில்தான் எல்லாம் போயிற்று. கல்யாணமான நாளாக அவர் கல்லுடைக்கத்தான் போனார், சாயங்காலம் வரும்போது புருவம், மீசை, காதோரம் எல்லாம் வெள்ளைப் பொடி, திருநீறு பூசின மாதிரி வாராரே ஒங்க வீட்டுக்காரரு, யேசு வேதத்தை விட்டுட்டாரா என்று தெருவில் கேலி பேசுவார்கள், அந்தப் பொடி நெஞ்சுக்குள்ளேயும் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது யாருக்குத் தெரிந்தது? அன்னவாசல் சந்தையில் ராக்காயி கிழவியிடம் அவித்த கடலை வாங்கிக்கொண்டு வந்தாரே அன்றைக்கும் அப்படித்தான் வந்தார், கடலையைத் தின்றுவிட்டுக் காகிதத்தைக் கசக்கப் போனவர், அதில் தலை மொட்டையாக ஒரு பொம்பளை படம் போட்டிருக்கவும் நிறுத்தி, இது என்ன போட்டிருக்கு பாரு என்று நீட்டினார், அவருக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும், அவள் கன்னிமார் சிஸ்டர்களின் பள்ளிக்கூடத்தில் எட்டு வரைக்கும் படித்தவள். மேலே கிழிந்திருந்தது, ‘என்று அவள் சொல்லி முடிக்குமுன் அவளுடைய கூந்தல் முழுவதும் குருவிகளாகி வானத்தில் பறந்துவிட்டது’ என்று தொடங்கியது, அவள் யார், என்ன சொன்னாள், எதற்காக இப்படி ஆனது, ஒன்றுமே தெரியாது, கீழேயும் கடலைத் தண்ணீர் ஊறி எழுத்து அழிந்து போயிருந்தது. இன்னொரு தடவை படி என்றார். படித்தாள். இன்னொரு தடவை. குழந்தை தங்காத வீடு அது, பேசுவதற்கு ஏதாவது ஒன்று வந்து வாய்க்காதா என்று இருந்த வீடு, குருவியெல்லாம் எங்கிட்டுப் போயிருக்கும் என்று அவர்தான் கேட்டார், அவள் என்னத்தைக் கண்டாள், வடக்கே போயிருக்கும் என்றாள், வடக்கே மணப்பாறையில்ல இருக்கு என்றார்.

அந்தக் காகிதத்தில் பத்திரிகைப் பேர் இல்லை. விட்டாரா மனுசர், புதுக்கோட்டைக்குக் கல்லேற்றிப் போகிற லாரியில் தொற்றிக்கொண்டு போய் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார், தலைமுடி குருவியாப் போன கதை இருக்குங்களா என்று, ஒருத்தன் சித்த வைத்தியப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தானாம், இன்னொருத்தன் வழுக்கைக்குத் தைலம் பக்கத்துக் கடையில் என்றானாம், கடைசியில் இலுப்பூர் பஸ் நிலையத்தில் பத்திரிகை போடும் பெரியண்ணனிடம் கேட்கப்போய், கண்ணுக்கு முன்னாலேயே கிளிப் போட்டுத் தொங்குதே, இத்தனை நாளா எங்கேய்யா இருந்த, போன வருசமே தொடங்கிருச்சு அந்தக் கதை என்று அவர் எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும்... கூந்தல் பறந்த அந்த ராஜகுமாரிக்கு என்னவோ நீளமாக ஒரு பேர், அவருக்கு வாயில் நுழையவில்லை, குருவித்தலைச்சி என்றே கடைசி வரைக்கும், குருவித்தலைச்சி உப்பு மலையைத் தாண்டிட்டாளா, அந்தப் படகுக்காரன் நல்லவனா கெட்டவனா, நீ என்ன நினைக்கிற. கடைசி வரைக்கும் என்று ஏன் நினைத்தாள் இப்போது? இன்னும் இருக்கிறாரே. வாயைக் கழுவ வேண்டும், மனசைக் கழுவ வேண்டும்... அன்னவாசல் வந்துவிட்டது, பஸ் நிற்கிறது, கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஏறுகிறார்.

நேர்ந்துகொண்டது தவசுகாலத்தின் முதல் வெள்ளி. அவர் முதல்முதலாக ரத்தம் துப்பி நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அக்கா அருள்ராணியும் அவளும் ஆவூர்க் கோயிலில் முழந்தாளில் நின்றார்கள், அக்கா வெற்றிலையை விட்டாள், மற்றவர்கள் கறியை விட்டார்கள், காப்பியை விட்டார்கள், ரொம்பப் பிரியமானதைத்தானே விட வேண்டும், அவள் யோசித்தாள், வெற்றிலை இல்லை, காப்பி இல்லை, நகை நட்டு என்று ஏதும் இல்லை, என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டே போனால் அந்தக் கதைதான் வந்து நின்றது, அவர் எழுந்து நடக்கிற வரைக்கும் அதில் ஒரு வரி படிக்க மாட்டேன் தாயே என்று அக்காவுக்கும் காதில் விழும்படி சொல்லிவிட்டாள். சொன்னபோது நிம்மதியாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சும்போதுதான் உறைத்தது, அவள் விட்டது அவளுடையதையா? அவருக்கு எழுத்துத் தெரியாதே, அவள் வாய் திறந்தால்தானே அவருக்குக் கதை, அவரைப் பிழைக்க வைக்க அவரிடம் இருந்ததையே பிடுங்கி மாதா காலடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். பத்திரிகை வாங்க மாட்டேன் என்று அவள் நேர்ந்துகொள்ளவில்லை, அதனால் வாங்கினாள், பிரிக்காமல் பெட்டிக்குள் போட்டாள், அட்டைப் படத்தைக்கூடக் கவிழ்த்து வைத்தாள். ஆஸ்பத்திரியில் அவர் கேட்கும்போது இந்த வாரம் கதை வரலீங்க என்பாள், எழுதுறவருக்கு மேலுக்குச் சொகமில்லையாம் என்பாள், வாய் கூசாமல் வரும், அவர் சரி என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார், கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவார், அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், எலும்பு எலும்பாக, பாவி, ஒரு மனுசன் வாய்விட்டுக் கேட்டதைக் கொடுக்க முடியாதவளாகிவிட்டேனே என்று... சில நாள் இன்னொன்றும் தோன்றும், அதை யாரிடமும் சொல்ல முடியாது, குருவித்தலைச்சிக்கு என்ன ஆயிற்றோ என்று அவளுக்கே அடுப்பு முன்னால் துடிக்கும், அவர் சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும் என்று செபிக்கும்போது எதற்காக நடக்க வேண்டும் என்று கேட்கிறாள், அவருக்காகவா, அந்தக் கதைக்காகவா? இப்படி ஒரு சந்தேகத்தோடு செய்த செபத்தை மாதா எப்படி ஏற்பாள்.

புதுக்கோட்டையில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வார்டில் டெட்டால் வாசனையும் பழைய சோற்று வாசனையும், பக்கத்துக் கட்டில் ராக்கன் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான், வாங்க அக்கா, மச்சானுக்கு இன்னிக்குத் தெளிவா இருக்கு, காலையில என்னைக் குளிக்கலையான்னு கேலி பண்ணினாரு என்றான். உண்மையில் தெளிவாகத்தான் இருந்தார், கண் மட்டும் பெரிதாக, முகத்தில் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் சின்னதாகிவிட்டதுபோல. கஞ்சி ரெண்டு கரண்டி குடித்தார், வாயைத் துடைத்துவிட்டாள், ஊரில் மழை விழுந்ததா, ஆடு ஈன்றதா என்று கேட்டார், கேட்டுவிட்டு, எப்போதும் கேட்கிற மாதிரி, கொண்டாந்தியா புள்ள என்றார். குனிந்து பையிலிருந்து முதல் பத்திரிகையை எடுத்து, மடியில் வைத்து, கதை வருகிற பக்கத்தைப் பிரித்தாள், அவர் சந்தோஷப்படுவார் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் பத்திரிகையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, ராக்கனுக்குக் கேட்காதபடி கேட்டார்.

“டாக்டரு சொல்லிட்டாரா?”

“என்னங்க... அவரு ஒண்ணும் சொல்லலீங்க.”

“நேந்துக்கிட்டது எனக்குத் தெரியும் புள்ள. ஒங்கக்கா அப்பவே வந்து சொல்லிருச்சு.”

தெரியுமா. ஆரம்பத்திலிருந்தே தெரியுமா. அப்படியானால் ஒவ்வொரு தடவையும் கொண்டாந்தியா என்று கேட்டது, இல்லை என்று அவள் சொன்னதும் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கினது... அவள் கோபம் என்று நினைத்தாளே, ஏமாற்றம் என்று நினைத்து அழுதாளே, அவர் கேட்டது கதையையே இல்லையா, அவள் இன்னும் இல்லை என்கிறாளா, இன்னும் நம்புகிறாளா என்று தெரிந்துகொண்டு, அதை வைத்துக்கொண்டு அடுத்த தடவை வரைக்கும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாரா? மூடிவிடலாமா, இப்போதே மூடிப் பைக்குள் போட்டு, ராக்கனுக்காகத்தான் கொண்டுவந்தேன் என்று சொல்லிவிடலாமா, நம்புவாரா, நம்புகிற மாதிரி ஒரு முகத்தை இனி எங்கே போய் வாங்குவது. சரி, அதனால என்ன, படி என்றார் அவர், குரலில் ஒரு குறையும் இல்லை, தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னார், அவள் உயர்த்தி வைத்தாள். உட்கார்ந்தாள். பத்திரிகையை மறுபடி மடியில் விரித்துக்கொண்டாள், வாக்கு எந்த இடத்தில் முறிந்தது, வராந்தாவில் டாக்டருக்குத் தலையாட்டினபோதா, பெட்டியைத் திறந்தபோதா, இல்லை, இன்னும் முறியவில்லையா, இன்னும் ஒரு சொல்கூட உரக்கப் படிக்கவில்லையே... அப்போதுதான் கவனித்தாள், அவர் கண்ணை மூடிக் காத்திருக்க, அவள் கண் அவளைக் கேட்காமலே முதல் வரியைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவதில் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த முடியவில்லை, நன்றாக இருந்தது.