செம்பு அறைக்குள் இருவர்

கதவு சாத்திக்கொண்ட சத்தம் கேட்டும் தையல்காரி திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் வெள்ளி இழைத் துணியை ஒட்டுவதிலேயே கண்ணாக இருந்தாள். உள்பக்கக் கைப்பிடி கையோடு கழன்று வந்துவிட்டதென்று நாத்தனார் அலறியபோதுதான் துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

செல்போன்களைச் சோதிக்கும் கம்பெனியின் அடித்தளத்தில் இருந்தது அந்த அறை. சுவர், தரை, கூரை எல்லாம் செம்புத் தகடு. அதன்மேல் இவர்கள் தைத்த துணி. எந்த அலையும் உள்ளே வராது, வெளியே போகாது. உடம்புச் சூடுகூட வெளியே தெரியாதபடி இன்னொரு படலமும் உண்டு.

அன்று கட்டடம் முழுக்கக் கரையானுக்கு விஷப்புகை விடுகிறார்கள். எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். இவர்களும் கிளம்பியவர்கள்தான், விட்டுப்போன ஒரு மூலையை முடித்துவிடலாமென்று யாரிடமும் சொல்லாமல் பின்வாசல் வழியே திரும்பி வந்திருந்தார்கள்.

“அண்ணி, போன்ல ஒரு கோடுகூடக் காட்டலையே!”

“காட்டாதுடி. காட்டக்கூடாதுன்னுதானே மாஞ்சு மாஞ்சு தைச்சோம்.”

“புகை விடுறதுக்கு முன்னாடி சூடு காட்டுற கேமராவுல பார்ப்பாங்களாமே? நம்மளக் கண்டுபிடிச்சிடுவாங்க இல்ல?”

தையல்காரி சுவரைப் பார்த்தாள். நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

இருவரும் கை வீங்கும்வரை கதவைக் குத்தினார்கள். அந்தக் கனத்த கதவு சத்தத்தை அப்படியே விழுங்கியது.

காற்று வரும் துளையைப் பார்த்ததும் எலக்ட்ரீசியன் ஒருநாள் குதித்த குதி தையல்காரிக்கு ஞாபகம் வந்தது. தேன்கூடு மாதிரி பொத்தல் போட்ட அந்தத் தகட்டுக்குள் யாரோ ஒரு வயரை நுழைத்திருந்தார்கள். “ஒத்த வயர் போதும், அலை அதைப் பிடிச்சிக்கிட்டே உள்ள வந்துடும்” என்று கத்தியிருந்தான்.

“விளக்கைப் பிடுங்கு.”

“இருட்டாயிடுமே அண்ணி!”

“பிடுங்குடி!”

மேசை விளக்கின் வயரைக் கத்தரிக்கோலால் வெட்டி, இரண்டாகக் கிழித்து, ஒன்றைப் பொத்தல் வழியே தள்ளினாள். உள்முனையைப் போனைச் சுற்றிக் கட்டினாள். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு கோடு தலைகாட்டியது. வாசல் காவலாளியைக் கூப்பிட்டாள்.

“நீங்க அப்பவே போயிட்டீங்களேம்மா?”

“போகலண்ணே! செம்பு ரூம்ல மாட்டிக்கிட்டோம்! புகை விட வேணாம்னு...”

லைன் அறுந்தது. அவர் எதுவரை கேட்டாரோ தெரியாது. மேலே எங்கோ இயந்திரம் உறுமத் தொடங்கியது. தையல்காரி மிச்சத் துணியைத் துளைக்குள் திணித்து, நாத்தனாரை மார்போடு இறுக்கிக்கொண்டாள். யாருடைய நெஞ்சு அப்படி அடித்துக்கொள்கிறதென்று இருவருக்குமே தெரியவில்லை.

கடப்பாரை கதவில் விழுந்தபோது நாத்தனார் வீறிட்டாள். முகமூடி போட்ட ஆள் இருவரையும் தரதரவென்று தெருவுக்கு இழுத்துப் போனான்.

“வாட்ச்மேன் ஓடி வந்து சொல்றதுக்குள்ள மேல் மாடியில புகையைத் திறந்துட்டோம்மா. அடுத்தது இந்தத் தளம்தான்” என்றான்.

தையல்காரி நடைபாதையிலேயே உட்கார்ந்து வாந்தியெடுத்தாள்.

மறுவாரம் கதவைக் கழற்றி வைத்தால்தான் உள்ளே வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மேலாளர் முனகிக்கொண்டே கழற்றச் சொன்னார். நாத்தனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “அண்ணி, இருக்கீங்களா?” என்று ஓயாமல் குரல் கொடுத்தாள்.

“இருக்கேன்டி” என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.